சிறிய அடுக்குமாடி வீட்டைச் சுவரில் துளையிடாமல், குறைந்த செலவில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் பழைய அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டின் பரப்பு ஏறத்தாழ 600 சதுர அடி. நானும் மனைவியும், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும், என் அம்மாவுமாக ஐந்து பேர் இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார். மீறினால் முன்பணத்தில் கழித்துக்கொள்வார்.

சமையலறையில் கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள சிறிய அலமாரியைத் தவிர வேறெதுவும் இல்லாததால் மளிகைச் சாமான்கள் பெரும்பாலும் தரையிலேயே இருக்கின்றன. துணி அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கிறது. வாசலில் காலணிகளும் புத்தகப் பைகளும் குவிந்து, அம்மா இருட்டில் நடக்கவே அஞ்சுகிறார். இவற்றுக்காக மொத்தம் 200 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்க முடியும். இணையக் காணொளிகளில் அட்டைப்பெட்டிகளுக்கு வண்ணத்தாள் ஒட்டி அழகான இழுப்பறைகள் செய்துகாட்டுகிறார்கள். சீனப் பெருநாளுக்கு வந்த ஆரஞ்சுப் பெட்டிகள் எங்களிடமும் நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்தே தொடங்கலாமா, அல்லது வேறு நல்ல வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆயர் ஈத்தாம் அக்கா

தம்பி, அந்த ஆரஞ்சுப் பெட்டிகளை முதலில் வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். நெளி அட்டையின் இரண்டு தாள்களுக்கு நடுவே இருக்கும் குழல்கள் கரப்பான் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள அளவெடுத்துச் செய்தவை போலவே இருக்கும். தாள்களை ஒட்டியிருக்கும் பசை பெரும்பாலும் மாவுச்சத்தால் ஆனது என்பதால், ஒளியும் இடமே அவற்றுக்கு உணவாகவும் ஆகிவிடுகிறது. இராமபாணப் பூச்சிக்கும் அதே பசையும் தாளும்தான் விருந்து. மேலே வண்ணத்தாளை ஒட்டினால் இன்னொரு அடுக்குப் பசையை நாமே பரிமாறுகிறோம் என்றுதான் பொருள்.

காணொளி எடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் இருக்கும் ஊர் வேறு. குளிர்நாட்டில் மாதக்கணக்கில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுவதால் உள்ளே காற்று வறண்டு கிடக்கும், அட்டையும் விறைப்பாக நிற்கும். இங்கே ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், அட்டை ஈரத்தை வாங்கித் தளர்ந்து, அடியில் இருக்கும் பெட்டி முதலில் நசுங்கும். ஆகவே நம் ஊரில் எந்தப் பொருளைச் செய்தாலும், அல்லது வாங்கினாலும், அதைச் சுற்றிக் காற்றோடுமா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அழகு அதற்குப் பிறகு வரலாம்.

துணி அலமாரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அது குளியலறைச் சுவரையோ வெளிச்சுவரையோ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் நான்கு விரல் அகலமாவது முன்னால் இழுத்துவைத்து, கால்களுக்கு அடியில் பீங்கான் ஓட்டுத் துண்டுகளைக் கொடுத்துத் தரையிலிருந்தும் உயர்த்துங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் அடிப்பகுதிதான் முதலில் உப்பும். இஸ்திரி போட்ட துணியைச் சூடு ஆறாமல் அடுக்குவதும், மழைநாளில் அரைகுறையாகக் காய்ந்ததை மடித்துவைப்பதும் வாடைக்கு முக்கியக் காரணங்கள். அலமாரியில் துணியை இறுக்கி நிரப்பாமல், அன்றாடம் சிறிது நேரம் கதவைத் திறந்துவைத்து மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள்.

கரித்துண்டு வாடையை ஓரளவு வாங்கும். ஈரத்தை வாங்குவதில் அதை நம்ப முடியாது. அதற்குக் கடைகளில் கிடைக்கும் கால்சியம் குளோரைடு பெட்டிதான் சரி. ஆனால் அதன் அடியில் சேரும் நீர் தோலையும் கண்ணையும் எரிக்கும், துணியில் சிந்தினால் துணியும் கெடும். அதனால் அதைத் தட்டுப்படாத மூலையில் நிமிர்த்திவையுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

நான்காம் மாடி

நண்பருக்கு வணக்கம். எல்லாரும் எதைச் செய்வது, எதை வாங்குவது என்று சொல்லப் போகிறீர்கள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் 2005இல் முதல் கடையைத் திறந்த, வீட்டுச் சாமான்கள் விற்கும் மிஸ்டர் டிஐஒய் நிறுவனத்துக்கு இன்று நாடெங்கும் கிளைகள் இருக்கின்றன. அதோடு இரண்டு வெள்ளிக் கடைகளும் ஐந்து வெள்ளிக் கடைகளும் பேரங்காடிக்கு ஒன்றாக இருப்பதால், பொருள்களை அடுக்கிவைக்கும் பெட்டிகளே நம் வீடுகளை அடைக்கும் பொருள்களாகிவிட்டன. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிய நெகிழிக்கூடை, உள்ளே வைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை கழிப்பதுதான். பழைய செய்தித்தாள் வாங்கும் லாரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு எங்கள் பக்கம் அடிக்கடி வருகிறது. உங்கள் பக்கமும் வரும். தாள், அட்டை, இரும்பு, கெட்டுப்போன மின்விசிறி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சில காசும் கொடுப்பார்கள். நல்ல நிலையில் உள்ள துணிகளையும் பாத்திரங்களையும் ட்சு சி என்ற பௌத்த அறநிறுவனத்தின் மறுசுழற்சி நிலையங்களில் கொடுக்கலாம். கழித்த பிறகு எஞ்சியிருப்பதை அளந்து பார்த்து, அதற்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். 200 வெள்ளியில் பாதி மிஞ்சினாலும் வியப்பதற்கில்லை.

தச்சுப்பட்டறை

நான்காம் மாடி அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் ஐந்து பேருக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலைத்தூளைக் கழிக்க முடியாதல்லவா? சமையலறைக்குத் தரையில் தானாக நிற்கும் ஓர் அடுக்கு தேவை. அதைப் பற்றித் தொழில்முறையில் சொல்கிறேன்.

பலகை தொய்வதற்கு முதற்காரணம் தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரம். அந்தத் தூரத்தை இரட்டித்தால், அதே எடைக்கு அதே பலகை எட்டு மடங்கு தொய்யும். ஆகவே நான்கடி நீளத்தில் அகன்ற அடுக்கு ஒன்று செய்வதைவிட, 60 சென்டிமீட்டர் அகலத்தில் உயரமாகச் செய்வதே சிக்கனம். மெல்லிய பலகையே போதும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் தாள் ஒன்றை வாங்குங்கள். எட்டடிக்கு நான்கடி, அதாவது ஏறக்குறைய 244க்கு 122 சென்டிமீட்டர். அதை நீளவாக்கில் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள நான்கு பட்டைகளாக அறுத்துத் தரும்படி கேளுங்கள். அறுத்துக் கொடுக்கும் ஹார்ட்வேர் கடைகள் இருக்கின்றன. சிறு கூலி வாங்குவார்கள், அதைக் கொடுப்பதே மேல். கையால் அறுத்து நேர்க்கோடு வருவது கடினம். ரம்பம் தின்னும் மூன்று மில்லிமீட்டரையும் கணக்கில் சேர்த்தால் நான்கு பட்டைகள் சரியாக வரும்.

முதல் இரண்டு பட்டைகளிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தால், மிச்சத்தில் தலா ஒரு தட்டு கிடைக்கும். மூன்றாவது பட்டையில் 60 சென்டிமீட்டர் தட்டுகள் நான்கு கிடைக்கும். ஆக ஆறு தட்டுகள் கொண்ட ஓர் அடுக்கு. நான்காவது பட்டை அப்படியே மிஞ்சும், அதைப் பத்திரமாக வையுங்கள். தட்டுகளுக்கு அடியில் சிறு மரச்சட்டம் கொடுத்துத் திருகாணியால் முடுக்குங்கள். முதுகுப்புறம் ஒரு சட்டத்தையாவது மூலைக்கு மூலை குறுக்காக அடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பலகையாக இருந்தாலும் அடுக்கு பக்கவாட்டில் ஆடி ஒரு நாள் சாய்ந்துவிடும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அறுத்த விளிம்புகளுக்கு மறக்காமல் இரண்டு பூச்சு வண்ணம் கொடுங்கள். பிளைவுட் ஈரத்தைப் பெரும்பாலும் அந்த விளிம்பு வழியாகத்தான் குடிக்கும். அரிசியும் எண்ணெயும் கீழ்த்தட்டில் இருக்கட்டும், இலேசானவை மேலே போகட்டும். சுவரில் பூட்ட முடியாது என்பதால், மேல்பகுதியைச் சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உயரமான எந்த அடுக்கையும் கட்டாமல் விடக் கூடாது.

யாராவது சரக்கு ஏற்றப் பயன்படும் தட்டுப்பலகையின் (பேலட்) மரத்தை எடுத்துச் செய்யச் சொன்னால் ஒரு முன்னெச்சரிக்கை. கிள்ளான் துறைமுகம் வழியாக வரும் ஏற்றுமதித் தட்டுப்பலகைகளில் கோதுமைக்கதிர் முத்திரை இருக்கும். அதனருகே ஹெச்டி என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்பி என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முத்திரை எதுவும் இல்லாத மரத்தில் துளைப்பான் பூச்சி இருக்கக்கூடும். அதைச் சமையலறையில் வைக்க எனக்கு மனம் வராது.

ஆயர் ஈத்தாம் அக்கா

அந்த அடுக்கில் வைக்கப் புட்டிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பலகாரம் வந்த சிவப்பு மூடிப் புட்டிகள் எல்லா வீட்டிலும் கிடக்கும். கேட்டால் அக்கம்பக்கத்தார் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். ஒரே அளவில் இருப்பதால் இடம் வீணாகாது, உள்ளே இருப்பதும் தெரியும். ரொட்டி டின்கள் மிளகாய்வற்றலுக்கும் கருவாட்டுக்கும் ஏற்றவை. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் மட்டும் எந்தப் புட்டியிலும் அடைக்காதீர்கள், இரண்டையும் ஒன்றாகவும் வைக்காதீர்கள். சேர்ந்திருந்தால் இரண்டுமே விரைவில் கெடும்.

பிரிக்பீல்ட்ஸ் தையற்காரி

வெங்காயத்துக்கு நம் பாட்டிமார் உறி கட்டினார்கள். அதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றுவரை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. தரையில் இடம் கேட்காது, எலியும் எறும்பும் எளிதில் அண்டாது, நாற்புறமும் காற்றோடும். பருத்திக் கயிற்றில் ஒரே நீளமுள்ள எட்டு இழைகளை வெட்டி, ஒரு முனையில் எல்லாவற்றையும் சேர்த்து முடியுங்கள். முடிச்சிலிருந்து ஒரு சாண் தள்ளி இழைகளை இரண்டிரண்டாகப் பிணையுங்கள், இன்னும் அரைச்சாண் தள்ளி ஒவ்வொரு சோடியிலும் ஓர் இழையைப் பக்கத்துச் சோடியின் ஓர் இழையோடு பிணையுங்கள். இப்படி மூன்று சுற்று வந்தால் ஒரு கூடை உட்காரும் அளவுக்கு வலை கிடைத்துவிடும். மேல்முனைகளை ஒரு வளையத்தில் கட்டிச் சன்னல் கம்பியில் கொக்கி போட்டு மாட்டலாம். பிள்ளைகளுக்கு ஒரு மழைநாள் மாலைக்கு இதைவிட நல்ல கைவேலை கிடையாது.

செந்தூல்வாசி அண்ணா, உங்கள் அடுக்குக்குக் கதவு போட எண்ணாதீர்கள். கதவுக்குக் கீல், கைப்பிடி, பலகை எல்லாம் வேண்டும். திறக்க முன்னால் இடமும் வேண்டும். பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக வெட்டி, மேலே ஒரு குழல் தைத்து, சுருள்கம்பியில் கோத்து அடுக்கின் முகப்பில் தொங்கவிட்டால், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, காற்றும் தடைபடாது, அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம். கைத்தறிச் சேலையின் கரையைக் கீழே வருமாறு தைத்தால் கனத்தில் மடிப்பு நேராக விழும். பாலியெஸ்டர் சேலையை அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் அருகில் எக்காரணம் கொண்டும் தொங்கவிடாதீர்கள். அது உருகிச் சொட்டும். பருத்தியும் பற்றிக்கொள்ளும் என்பதால் விளக்கிலிருந்து கைநீட்டும் தூரமாவது தள்ளியே இருக்கட்டும்.

பிள்ளைகளின் பென்சில், பசை, கத்தரிக்கோல் போன்றவற்றுக்குப் பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் பைகளை அப்படியே வெட்டி, அரிசிச் சாக்கின் மேல் வரிசையாகத் தைத்துக் கதவின் பின்புறம் தொங்கவிடலாம். சாக்கை இரண்டாக மடித்துத் தைத்தால் தொய்யாது. கதவின் மேல்விளிம்பில் மாட்டும் தகடுக் கொக்கி சில வெள்ளிக்குக் கிடைக்கும். வாங்கும் முன் கதவுக்கும் நிலைக்கும் இடையே அந்தத் தகட்டுக்கு இடமிருக்கிறதா என்று ஒரு மடித்த அட்டையைச் செருகிப் பாருங்கள்.

செந்தூல்வாசி

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி அலமாரியை இழுத்துப் பார்த்தேன், குளியலறைச் சுவரோடு ஒட்டித்தான் இருந்தது, பின்பலகையில் பூஞ்சை படிந்திருக்கிறது. ஆரஞ்சுப் பெட்டிகள் கீழே போய்விட்டன.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஒட்டுக் கொக்கிகளை எவ்வளவு நம்பலாம்? எங்கள் சுவரில் கையை வைத்தாலே வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. அடுத்து, மனைவிக்குச் செடி வளர்க்க ஆசை. ஒன்றரை லிட்டர் நெகிழிப் புட்டிகளைக் குறுக்கே வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்துக் கீழ்ப்பாதி நீரில் திரியை இறக்கி, தானாக நீர் உறிஞ்சும் தொட்டிகளாக்கும் முறையை ஒரு காணொளியில் பார்த்தோம். அவற்றைச் சன்னலில் வரிசையாகத் தொங்கவிடலாமா?

வாடகைக்காரன்

ஒட்டுக் கொக்கியைப் பற்றி நான் சொல்கிறேன், அண்ணே. வாடகை வீடுகளில் என் காலம் பெரும்பாலும் அவற்றோடுதான் கழிகிறது. பொடி உதிரும் சுவரில் ஒட்டுப்பட்டை சுவரைப் பிடிப்பதில்லை, அந்தப் பொடியைத்தான் பிடிக்கிறது. கொக்கி விழும்போது வண்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஆகவே சுவரை மறந்துவிட்டு, பீங்கான் ஓடு, கண்ணாடி, குளிர்பெட்டியின் பக்கம், வழவழப்பான வண்ணம் பூசிய கதவு ஆகியவற்றில் மட்டும் ஒட்டுங்கள். ஒட்டுமிடத்தைச் சவர்க்கார நீரால் கழுவாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். பட்டையை அரை நிமிடம் நன்றாக அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்த பிறகே பொருளை மாட்டுங்கள். எடுக்கும்போது வால்பட்டையை நம் பக்கம் இழுக்காமல், ஒட்டிய பரப்போடு சேர்ந்தபடி நேர் கீழாக மெதுவாக இழுத்தால் தடயமே தெரியாது.

வாடகைக்காரனுக்கு உண்மையான நண்பன் சன்னல் கம்பிதான். நம் நாட்டில் ஏறக்குறைய எல்லா அடுக்குமாடியிலும் சன்னலுக்கும் வாசலுக்கும் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஒரு துளையும் தேவையில்லாமல் நல்ல எடையைத் தாங்கும். வளைந்த இரும்புக் கொக்கிகளை வாங்கி அதில் கரண்டி, வாணலி, துணிக்கூடை எதையும் மாட்டலாம். வெளிச்சத்தையும் காற்றையும் முழுவதும் மறைக்காமல் பாதிக்குக் கீழ் நிறுத்திக்கொள்ளுங்கள். பூட்டுப் போட்ட கம்பியாக இருந்தால் சாவி எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; தீ என்று வந்தால் அதுதான் வழி.

இரண்டு சுவர்களுக்கு நடுவே அழுந்தி நிற்கும் நீட்டக்கூடிய கம்பிகளும் உதவும். கழுவுதொட்டிக்கு அடியில் ஒன்றைப் பொருத்தி, தெளிப்புப் புட்டிகளை அதன் விசைப்பிடியால் மாட்டினால் கீழே தரை முழுவதும் காலியாகும். ஆனால் எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு அதன் தாங்குதிறன் குறையும், ஆகவே நனைந்த துணியை அதில் போட வேண்டாம்.

கெப்போங் மாமா

புட்டித் தொட்டியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. தானாக நீர் உறிஞ்சும் அந்தத் தொட்டி, நம் ஊரில் தானாகக் கொசு வளர்க்கும் தொட்டி. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரையும் நிழலையும் தேடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பார்கள், ஆனால் முட்டைகள் உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சோதனைக்கு வருபவர்கள் புழுவைக் கண்டால் 500 வெள்ளி வரை அபராதச் சீட்டுக் கொடுக்கலாம். உங்கள் மொத்தச் செலவுத்தொகையைவிட அது இரண்டரை மடங்கு, தம்பி.

செடி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே புட்டியின் அடியில் நான்கைந்து துளை போட்டு, மண்ணும் தேங்காய்நாரும் கலந்து நிரப்புங்கள். மேலே ஊற்றும் நீர் தேங்காமல் வடியட்டும். வடியும் நீர் கீழ்மாடிக்காரர் துணியில் விழாதபடி, சன்னலுக்கு வெளியே தொங்கவிடாமல் உள்ளேயே மாட்டுங்கள். அடித்தட்டு வைப்பதென்றால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள். நீரூற்றும் வேலையிலிருந்து முழுவதும் தப்பிக்க வேண்டுமென்றால் கற்றாழையோ மாமியார் நாக்குச் செடியோ வளருங்கள். கறிவேப்பிலை கேட்டால் அது தனி விவகாரம், அதற்கு வெயில் வேண்டும், பெரிய தொட்டியும் வேண்டும்.

ஆயர் ஈத்தாம் அக்கா

துளையிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை, வீட்டுக்காரர் தடுக்காத வாசகர்களுக்காக. பினாங்கில் உள்ள எங்கள் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி போல 1960களின் இறுதியில் முன்வார்ப்புக் கான்கிரீட் பலகங்களை அடுக்கி எழுப்பிய கட்டடங்களில் சுவரே எடையைத் தாங்கும் பகுதியாக இருக்கும். செங்கல் சுவரில் துளையிடும் சாதாரணக் கருவி அங்கே உள்ளே போகாது. பெரிதாக எதையும் செய்யும் முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

செந்தூல்வாசி

மாமாவுக்கு நன்றி. மனைவியிடம் காட்டினேன், புட்டித் திட்டம் கைவிடப்பட்டது. மாமியார் நாக்குச் செடியை அம்மா இருக்கும்போதே மனைவி பெயரைச் சொல்லிக் கேட்டதில் வீட்டில் கொஞ்சம் சிரிப்பு.

பிளைவுட் தாளை வாங்கி அறுத்தும் கொண்டுவந்துவிட்டேன். சமையலறை அடுக்கு இந்த வார இறுதியில் எழும், உறியைப் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். மீதமிருப்பது வாசல்தான். கதவுக்கு உள்ளே, வலப்பக்கச் சுவரோடு 70 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கிறது. கடையில் பார்த்த காலணி அடுக்குகள் எல்லாம் 30 சென்டிமீட்டர் ஆழம் கேட்கின்றன. அவற்றை வைத்தால் கதவு முழுவதும் திறக்காது. 22 சென்டிமீட்டருக்குள் ஏதாவது செய்ய முடியுமா, அல்லது பேசாமல் வெளியே தாழ்வாரத்தில் வைத்துவிடலாமா? பக்கத்து வீட்டார் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

நான்காம் மாடி

தாழ்வாரத்தில் வேண்டாம். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், பொதுவழியை அடைப்பதைத் தெளிவாகவே தடைசெய்கின்றன. அதைவிட முக்கியம், புகை சூழும் நேரத்தில் அந்த வழியாகத்தான் எல்லாரும் கையால் தடவிக்கொண்டு இறங்க வேண்டும். தப்பிக்கும் வழியில் பொருள்களைக் குவிப்பதை 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டமும் தீ அபாயமாகவே பார்க்கிறது. பக்கத்து வீட்டார் வைத்திருப்பது நமக்கு அனுமதி ஆகாது. நிர்வாகம் அறிவிப்பு ஒட்டிவிட்டு ஒரு நாள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்போது எவருடைய காலணி என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

தச்சுப்பட்டறை

தாராளமாகச் செய்யலாம். அதற்காகத்தான் நான்காவது பட்டையைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். காலணியைப் படுக்கவைத்தால்தான் 30 சென்டிமீட்டர் ஆழம்; குதிகால் மேலே, முனை கீழே என்று செங்குத்தாகச் சாய்த்து நிறுத்தினால் 20 போதும்.

அந்தப் பட்டையை 20 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைத்து, அதிலிருந்து ஒரு மீட்டர் உயரமுள்ள இரண்டு பக்கப் பலகைகளை எடுங்கள். தட்டுகளுக்குப் பலகை வேண்டாம். அரை அங்குலப் பிவிசி குழாய் போதும். முழுக்குழாய் ஏறக்குறைய 19 அடி நீளம் வரும். 60 சென்டிமீட்டர் துண்டுகளாக எட்டு வெட்டினால் நான்கு அடுக்குகள் ஆகின்றன, சிறிது மிஞ்சவும் செய்யும். ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு குழாய்கள்: பின்புறத்துக் குழாய் மேலே, முன்புறத்துக் குழாய் அதற்கு 12 சென்டிமீட்டர் கீழே. குதிகால் பின்குழாயின் மேல் தொற்றிக்கொள்ளும், முன்பாதம் முன்குழாயில் சாயும். குழாய் முனைகள் நுழையும் அளவுக்குப் பக்கப்பலகையில் துளையிட்டு, வெளிப்புறமாக ஒரு சிறு திருகாணியைக் குழாய்க்குக் குறுக்கே செருகினால் வெளியே வழுக்காது. பசை போடாதீர்கள், வீடு மாறும்போது கழற்றிக் கட்டாக எடுத்துப் போகலாம். குறைத்தபோது விழும் ஒன்பது பத்து சென்டிமீட்டர் துண்டிலிருந்து 60 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்றை வெட்டி, மேலே ஒன்றும் பின்புறம் நடுவிலும் கீழும் ஒவ்வொன்றுமாகத் திருகினால் ஆட்டம் நின்றுவிடும். அகலத்தில் அடுக்குக்கு மூன்று சோடி, ஆக மொத்தம் பன்னிரண்டு சோடி. ஐந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு சோடி போக, அம்மாவின் கோயில் செருப்புக்கும் இடமிருக்கும்.

ஆழம் குறைவு என்பதால் முன்னால் சாயாதபடி, மேல் சட்டத்தை வாசல் கம்பிக் கதவின் நிலையான பக்கத்தோடு கட்டிவிடுங்கள். அடியில் மூன்று விரல் உயரம் காலியாக இருந்தால் மழையில் நனைந்த பள்ளிக் காலணியின் நீர் வடியும், துடைப்பமும் உள்ளே போகும். பக்கப்பலகையின் அடி விளிம்புக்கு வண்ணத்தை மூன்று பூச்சாகக் கொடுங்கள்.